ரைஸ் குக்கரிடம் ராஜினாமா

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. முறையை மீற எனக்கு மனசில்லை, ஆகவே சுகம். வயிற்றைத் தனியாக விசாரித்தால் அது வேறு மாதிரி சொல்லும், அதை நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம். அங்கே நீங்களும், என் மகளும், பேத்தியும், பேத்தியைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் என்னை அம்போவென்று விட்டுவிட்டு வந்திருக்கும் உங்கள் அத்தையும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதை உங்கள் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பக் காரணம் உண்டு. போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள். மகளுக்கு எழுதினால் பாதியிலேயே அவள் அம்மாவிடம் நீட்டிவிடுவாள். அதோடு, அந்த ரைஸ் குக்கரை ஆசையாக வாங்கி வந்து, என் சமையலறை மேடையில் வைத்து, "ரொம்ப ஈசி மாமா. அரிசியும் தண்ணியும் போடுங்க. சுவிட்சை அமுக்குங்க. அப்புறம் மறந்துடுங்க" என்று சொன்னவர் நீங்கள்தான். மூன்று காரியம் சொன்னீர்கள். முதல் இரண்டையும் நான் செய்துவிட்டேன், மாப்பிள்ளை. மூன்றாவதுதான் என்னைக் கொன்றுகொண்டிருக்கிறது.

உங்கள் அத்தை கிளம்பும்போது போட்ட நிபந்தனை உங்களுக்கும் தெரியும், நீங்கள்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றீர்கள். "ஒரு மாசம் பார்ப்பேன். அதுக்குள்ள உங்களுக்கு வேண்டிய சோத்தை நீங்களே ஒழுங்கா ஆக்கிச் சாப்பிடுற வழியைப் பார்க்கலைன்னா, வீட்டை வாடகைக்கு விட்டுட்டு நீங்களும் அங்க வந்துடணும்" என்றாள். எனக்கு வர இஷ்டமில்லை. உங்கள் வீட்டில் ஒரு குறையும் கிடையாது, ராஜ உபசாரம்தான் நடக்கும். ஆனால் அங்கே நான் விருந்தாளி. டி.வி. சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்றால்கூட யாராவது தூங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். இங்கே என் ஜன்னல், என் நாற்காலி, சாயங்காலம் ஆனால் எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கோடு ஒரு கேரம் ஆட்டம். எனக்கு என் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆகவே முதல் நாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். குக்கரோடு ஒரு பிளாஸ்டிக் கப் கொடுத்திருந்தீர்கள் அல்லவா, அதைப் பார்த்தால் அரிசி அளக்கிற சாமானாகவே எனக்குத் தெரியவில்லை. சவரம் செய்யத் தண்ணீர் வைத்துக்கொள்ளத் தோதாக இருந்தது, குளியலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அரிசியை என்னுடைய பெரிய காபி டம்ளரில் இரண்டு டம்ளர் அளந்து போட்டேன். பாத்திரத்துக்குள் 1, 2, 3 என்று கோடு போட்டிருந்தது, நியாயமாக 2 வரைக்கும் தண்ணீர் விட்டேன். வந்தது சோறா? கூழாங்கல். வாயில் போட்டுக் கடித்ததில் போன வருஷம் அடைத்த பல்லின் சிமெண்ட் பெயர்ந்துவிட்டது. அந்தக் கோடு அந்தக் கப்புக்கு மட்டும்தான் பொருந்தும் என்று லிஃப்ட் மெக்கானிக் வந்து சொன்னபிறகு, கப்பைச் சோப்புப் போட்டுக் கழுவிச் சமையலறைக்குப் பதவி மாற்றம் செய்தேன்.

சரி, அளவு பிடிபட்டது. இனி என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டமே இனிமேல்தான். நான் முப்பத்திரண்டு வருஷம் பெயிண்ட் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தவன். வேலை என்னவென்றால், வரிசையாக வருகிற டப்பாக்களில் பத்துக்கு ஒன்றை எடுத்து, மூடியை நெம்பித் திறந்து, குச்சியை விட்டுக் கலக்கி, தூக்கிப் பிடித்து, எப்படி ஒழுகுகிறது என்று பார்ப்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெரியவர்கள் சொன்னதை வைத்துச் சம்பளம் வாங்கினவன் நான். அப்படிப்பட்டவன் முன்னால் ஒரு மூடியை வைத்து, உள்ளே ஏதோ கொதிக்கிறது, ஆனால் திறக்காதே என்றால் என்ன அர்த்தம்? குக்கரோடு வந்த புத்தகத்தில் மூடியைப் படம் போட்டு, மேலே சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருக்கிறான். பார்த்தேன். அது பொதுமக்களுக்குச் சொன்னது, பரிசோதகர்களுக்கு இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்தேன். திறக்கும்போதெல்லாம் ஆவி போய்விடுகிறது. ஆவி போனால் மேலே இருக்கிற அரிசி முறைத்துக்கொண்டு நிற்கிறது. முறைக்கிறதே என்று ஒரு கை தண்ணீர் தெளித்தேன், தெளித்ததைக் கலக்கினேன், கலக்கினது குழைந்துவிட்டது. கரண்டியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், மாப்பிள்ளை, ஒழுகல் அவ்வளவு அழகு! கம்பெனியாக இருந்திருந்தால் முத்திரை குத்தி வெளியே அனுப்பியிருப்பேன். இரண்டு கோட் அடித்தால் ஹால் சுவர் பளபளவென்று இருக்கும். சாப்பிடத்தான் முடியவில்லை. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள், எனக்கு ஆக்கவே பொறுக்கவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. நடுநடுவே அந்தச் சுவிட்ச் "டக்" என்று துள்ளி மேலே வந்துவிடும். நான் அமுக்குவேன், அது மறுபடியும் வரும். சரியான வேலைக்கள்ளக் குக்கராக இருக்கிறதே, மாப்பிள்ளையை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று உங்களுக்காகக்கூட வருத்தப்பட்டேன். பிறகு ஒரு அட்டையை நாலாக மடித்து, சுவிட்ச் எழும்பாதபடி மேலே சொருகிவிட்டேன். கால் மணி நேரத்தில் ஒரு வாசனை. எதிர்வீட்டு மெக்கானிக் ஸ்பேனரோடு வெளியே ஓடிவந்து, லிஃப்ட் மோட்டார்தான் கருகுகிறது என்று நினைத்து, மொட்டை மாடிவரை ஏறிப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லாமல் இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டே என் வீட்டுக்கு வந்தார்.

"சார், சுவிட்சுக்கு எதுக்கு அட்டை வச்சிருக்கீங்க?"

"அது நிக்கவே மாட்டேங்குதுப்பா. அமுக்கினா துள்ளிக்கிட்டு மேல வருது."

"வேலை முடிஞ்சா மேல வரத்தானே செய்யும்? அஞ்சு மணி ஆனா நீங்க கம்பெனியை விட்டு வெளிய வரலையா? உங்களுக்கு யாராவது அட்டை வச்சு உக்கார வச்சாங்களா?"

நியாயமான கேள்வி. அடிப்பிடித்த பாத்திரத்தை இரண்டு நாள் ஊறப்போட்டுத் தேய்த்தேன். அந்த இரண்டு நாளும் பன்னும் வாழைப்பழமும்தான் சாப்பாடு.

அடுத்து அந்த ஓட்டைத் தட்டு. ஆவியில் வேகவைப்பதற்காம். கீழே சோறு, மேலே காய், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. தட்டில் கேரட், பீன்ஸ், ஓரத்தில் ஒரு முட்டை எல்லாம் வைத்து மூடினேன். கீழே ஒன்றைப் பரிசோதித்தவன் இப்போது நாலைப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. ஏழு தரம் திறந்தேன், எட்டாவது தரம் எண்ணவில்லை. பீன்ஸ் பல்லில் கீச்சுக்கீச்சென்று சத்தம் போட்டது. கேரட் தோட்டத்திலிருந்து வந்த அதே விறைப்போடு அப்படியே இருந்தது. முட்டையை மேடையில் தட்டினேன், அது சட்டைக் கைவழியாக முழங்கை வரைக்கும் போய்விட்டது.

மெக்கானிக்குக்கு என் நிலைமையைப் பார்த்து மனசு கேட்கவில்லை. "நீங்க அங்க நிக்கிறதுதான் சார் பிரச்சினை. சுவிட்சைப் போட்டுட்டு வந்து ஆட உக்காருங்க. நான் பார்த்துக்கறேன், எழுந்திரிக்க விடமாட்டேன்" என்றார். கேரம் பலகையை விரித்தோம். ஸ்ட்ரைக்கரை வைத்தேன், குறி பார்த்தேன். உள்ளேயிருந்து "புஸ்" என்று ஒரு சத்தம். என் கை ஆட்டத்தில்தான் இருந்தது, கால் போய்விட்டது.

"சார்! லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல போகுது, அப்பக் கதவைத் திறப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப இதை மட்டும் ஏன் திறக்கறீங்க?"

"லிஃப்டுக்குள்ள சோறு இல்லையேப்பா."

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிவப்புக் காயைத் தானே எடுத்துக்கொண்டார். கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

இப்படியே இருபத்து நாலு நாள் ஓடிவிட்டது. நேற்றைக்கு உங்கள் அத்தை வீடியோவில் கூப்பிட்டு, "எங்க, இன்னிக்கு ஆக்கின சோத்தைக் காட்டுங்க பார்ப்போம்" என்றாள். இப்படி ஒரு சோதனை வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் தெருமுனைக் கடையில் பார்சல் வாங்கி, குக்கர் பாத்திரத்தில் கவிழ்த்துத் தயாராக வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு, நான் சோற்றிலேயே சோற்றை மறைக்கப் பார்த்தேன். போனைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன்.

"என்னங்க, சோறு நல்லா வெந்திருக்கே."

"பின்ன? முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்."

"பாத்திரம் வட்டமா இருக்கு. சோறு மட்டும் எப்படிங்க சதுரமா வெந்திருக்கு?"

குனிந்து பார்த்தேன். பார்சல் டப்பாவின் நாலு மூலையும் கத்தி மாதிரி நின்றுகொண்டிருக்கின்றன. ஒரு மூலையில் டப்பாவின் அடியில் புடைப்பாக இருந்த கடைப் பேர்கூடப் பாதி அச்சாகியிருந்தது. உங்கள் அத்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரித்தாள், மாப்பிள்ளை. பக்கத்தில் என் மகளும் சிரித்தாள். பேத்திக்கு ஒன்பது மாசம்தான் ஆகிறது, அதுவும் சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு, "போதுங்க, இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு? ஞாயித்துக்கிழமை கிளம்பி வந்துடுங்க" என்றாள். அதில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே இதுவே என் ராஜினாமா. ஞாயிறு காலை பஸ்ஸுக்கு இடம் பிடித்தாகிவிட்டது. உங்கள் ஹாலில் இருக்கிற சோபாக் கட்டிலை முடிந்தால் ஜன்னல் பக்கமாகத் தள்ளிப் போடுங்கள், அது ஒன்றுதான் என் வேண்டுகோள். கேரம் பலகையை மெக்கானிக்கிடம் கொடுக்கப் போனேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "யாரோட சார் ஆடறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, உங்களிடம் சொல்வதற்கென்ன. குக்கரைத் துடைத்து அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்து வருகிறேன். அதன்மேல் எனக்குக் கோபமில்லை, அது அதன் வேலையைச் செய்தது. நான்தான் என் வேலையை விடவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், என் விஷயத்தில் பெயிண்ட் டப்பாப் பழக்கம்.

நீங்களும் என் மகளும் நூறு வருஷம் ஒற்றுமையாக இருந்து, பேத்தி நன்றாக வளர்ந்து படித்து, மூடியைக் கண்டால் சும்மா இருக்கிற புத்தியோடு வாழ என் மனப்பூர்வமான ஆசிகள். உங்கள் அத்தைக்கு நான் தனியாக ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தோற்றுப்போன மாமனார்

பி.கு: மாப்பிள்ளை, மேலே எழுதியது அத்தனையும் ரத்து. கிழித்துப் போட்டிருப்பேன், இத்தனை பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. விஷயம் இதுதான். எழுத உட்காருவதற்கு முன்னால், போகிறதுதான் போகிறோம், கடைசியாக ஒரு தரம் என்று ஒரு கப் அரிசியும் கோட்டுக்குச் சரியாகத் தண்ணீரும் போட்டு, தட்டில் மிச்சக் கேரட்டையும் ஒரு முட்டையையும் வைத்துச் சுவிட்சை அமுக்கியிருந்தேன். எழுதின ஆத்திரத்தில் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே ஞாபகமில்லை. சதுரச் சோற்றைப் பற்றி எழுதும்போது "டக்" என்று ஏதோ கேட்டது, என் மனசாட்சி என்று நினைத்து மேலே எழுதிக்கொண்டே போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்த் திறந்தால், ஐயோ, என்னவென்று சொல்வேன்! சோறு பொலபொலவென்று ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிறது. கேரட் கரண்டி பட்டதும் இரண்டாகிறது. முட்டை தோலை உரித்தால் முட்டையாகவே இருக்கிறது. உடனே உங்கள் அத்தையைக் கூப்பிட்டேன். நம்பவில்லை, "சாப்பிட்டுக் காட்டுங்க" என்றாள். அவள் பார்க்கப் பார்க்க நின்றபடியே முழுத் தட்டையும் சாப்பிட்டேன். கடைசிப் பருக்கைவரை விடாமல் பார்த்தாள். பிறகு, "சரி, அங்கயே இருந்துக்கோங்க" என்றாள். சொல்லும்போது போனை விட்டத்தைப் பார்க்கத் திருப்பிக்கொண்டாள், ஏனென்று அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள், நீங்களும் கேட்க வேண்டாம்.

யோசித்துப் பார்த்தேன், சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. கையில் பேனா இருக்கும்வரை இந்தக் கை மூடிப்பக்கம் போகாது. ஆகவே நாளையிலிருந்து தினமும் காலை பதினொரு மணிக்குச் சுவிட்சைப் போட்டதும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுத உட்காருவேன். பதில் போட வேண்டாம். படிக்கக்கூட வேண்டாம். வெள்ளிக்கிழமை பீட்ரூட் வைக்கலாம் என்று இருக்கிறேன், அது வேக நேரமாகுமாம். அன்றைக்கு வருகிற கடிதம் கொஞ்சம் கனமாக இருக்கும், என்னமோ ஏதோ என்று பயந்துவிடாதீர்கள்.