சரோஜாவுக்கு ஒரு விலாசம்

உள்ளே இருந்தவர்கள்:

மூட்டை தூக்கும் முனியன். காசு மாற்றும் காதர். கடிதம் எழுதிக்கொடுக்கும் சண்முகம். டோபி பெருமாள். பெருமாளின் மகள் சரோஜா, மாடி ஜன்னலில். கப்பலிலிருந்து இறங்கித் தகரப் பெட்டியோடு நிற்கும் ஒருவன், பெயர் முடிவாகவில்லை. அப்புறம் நான், பம்ப் ரூமில்.

முதல் ஆறு பேரும் ஃபைபர்.

அந்த ஆறு பேரையும் பார்த்துக்கொண்ட பெரியவருக்கு நாங்கள் வைத்த பெயர் விலாசம். பினாங்குத் தீவில் அவரைப் போல இன்னொருவர் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கமும் இல்லை. நான் அந்தப் பக்கத்துப் பாகான் டாலாம்காரன், எனக்குத் தெரியும். விலாசம் இல்லாத மனிதனை அவர் மனிதனாக மதிக்க மாட்டார். விலாசம் இருந்தால் பொம்மையையும் மதிப்பார்.

ஜெட்டி பக்கம் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி. அதற்குள் இடுப்பளவு வாய்க்கால் கட்டித் தண்ணீர் விட்டிருந்தார்கள். சுற்றுலாக்காரர்கள் டிக்கெட் எடுத்து வருவார்கள், படகுக்கு ஆறு பேர். மூன்று வளைவு. இரண்டு பக்கமும் பழைய ஜார்ஜ் டவுன். கடைகள் பலகை, கூரைகள் பிளாஸ்டிக், கடல் சத்தம் ஸ்பீக்கர். ஏழு நிமிடத்தில் வெளியே வந்தால் டீ-சட்டைக் கடை. தண்ணீரை ஓட்டுவது பம்ப். பம்ப்பைப் பார்ப்பது நான். அதற்கு முன்னால் ஜுருவில் ஒரு ஃபேக்டரியில் இருந்தேன். அங்கேயும் பம்ப்தான்.

விலாசம் முப்பது வருடம் தபால்காரராக இருந்தவர். ரிட்டயர் ஆன பிறகு பொம்மைகளுக்குத் தூசி தட்ட வந்தார். வேலை அவ்வளவுதான். ஒரு துணி, ஒரு பிரஷ், ஓர் ஏணி. முதல் நாளே மேனேஜர் வாணியிடம் கேட்டார்.

"இவங்க பேரெல்லாம் என்னம்மா?"

"பேரா? புக்லெட்ல இருக்கே அங்கிள்."

பார்த்தார். பாரம்பரிய டோபி. பாரம்பரிய கூலி. பாரம்பரிய பெண்.

"எல்லாரும் ஒரே குடும்பமா?" என்றார். "முதல் பேரு எல்லாருக்கும் பாரம்பரியமா இருக்கு."

வாணி சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் ஐந்து பேருக்குப் பெயர் வந்துவிட்டது. விலாசமும் வந்துவிட்டது. பெருமாள், மூன்றாவது வளைவு, இடது பக்கம், கீழ்வீடு. சரோஜா, மேற்படி, மேல்மாடி. பெட்டிக்காரனுக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை.

"ஏன் அண்ணே?"

"இப்பதான் கப்பல்லேருந்து எறங்கியிருக்கான். தங்க எடம் இல்ல. எடம் இல்லாதவனுக்கு என்ன பேரு வச்சு என்ன, தம்பி?"

அடுத்த மாதம் தபால் வர ஆரம்பித்தது.

அவரே எழுதி, அவரே ஸ்டாம்ப் ஒட்டி, பெரிய தபால் நிலையத்தில் போய்ப் போட்டுவிட்டு வருவார். இரண்டு நாளில் எங்களுக்கே வந்து சேரும். டிக்கெட் கவுண்டரில் ராஜி அக்கா வாங்கி வைப்பார். விலாசம் அதைப் பிரித்துப் பொம்மையின் சட்டைப் பையில் வைப்பார். ஒரு நாள் ரெஜிஸ்டர் தபால் வந்தது. வந்த தபால்காரப் பையன் புதுசு.

"பெருமாள் கையெழுத்து வேணும் அக்கா."

"பெருமாள் வெளிய வர மாட்டாரு, தம்பி."

"ஏன், ஒடம்பு முடியலையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. ஃபைபர்."

பையன் ராஜி அக்காவையே பார்த்தான். பிறகு விலாசம் வந்து பேசினார். ஆள் வீட்டில் இல்லாவிட்டால் யார் கையெழுத்து போடலாம் என்று கால்மணி நேரம் அவனுக்கு விளக்கினார். பையன் குறிப்பு எடுத்துக்கொண்டு போனான்.

அந்தத் தபாலை நான் படித்தேன். பெருமாளின் கை கழன்றுவிட்டது, மாட்டப் போனபோது பையில் இருந்தது. அலோர் ஸ்டாரிலிருந்து பெருமாளின் தம்பி எழுதியது. "அண்ணே, நீ அனுப்பிய வேட்டி என்னுடையது இல்லை. என்னுடைய வேட்டி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து எழுதவும்." அவ்வளவுதான். பதிலும் இன்னொரு பையில் இருந்தது. விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.

பெருமாள் வீட்டுத் துணிக்கொடியில் தொங்கிய சட்டைகளுக்கு விலாசம் உள்காலரில் மசியால் குறி போட்டார். ஒவ்வொரு குறிக்கும் ஒரு சொந்தக்காரர். ஒரு சட்டை முனியனுடையது. அதனால்தான் முனியன் சட்டை இல்லாமல் மூட்டை தூக்குகிறான். சட்டை மூன்றாவது வளைவில் காய்கிறது. பெருமாள் வீட்டைப் படகு ஒன்பது செகண்டில் தாண்டும். உள்காலரை யாரும் பார்த்ததில்லை.

"யாரு பாக்கப் போறா அண்ணே?"

"முனியன் பாப்பான்."

காதருக்கும் சண்முகத்துக்கும் சண்டை என்று ஒரு நாள் சொன்னார். கடன் இல்லை, சொத்து இல்லை. சண்முகம் எழுதிய ஒரு கடிதத்தில் காதரின் பெயருக்கு முன்னால் 'திரு' போடவில்லையாம். ஏணி போட்டு ஏறி இரண்டு பேர் முகத்தையும் திருப்பி வைத்துவிட்டார். ஈப்போவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று புகார் எழுதியது. பொம்மைகள் போட்டோவுக்கு முகம் காட்டவில்லையாம்.

வாணி அவரைக் கூப்பிட்டாள். நான் மீட்டர் ரீடிங் கொடுக்கப் போயிருந்தேன்.

"அங்கிள், முகத்தைத் திருப்பி வைங்க, ப்ளீஸ்."

"நான் எப்படிம்மா திருப்புறது? அவங்களா பேசிக்கணும்."

"எப்ப பேசுவாங்க?"

"தீபாவளி, பெருநாள் ஏதாவது வரட்டும்."

பெருநாள் வந்தது. முகம் திரும்பியது. சண்முகம் எழுதிய வாழ்த்து அட்டை காதரின் பையில் இருந்தது. 'திரு' இரண்டு தடவை போட்டிருந்தது.

இதெல்லாம் இரண்டு வருடம் நடந்தது. பிறகு கேமரா வந்தது.

படகில் வருகிறவர்களைத் தானாகப் படம் எடுக்கும் மெஷின். வெளியே வந்ததும் படத்தை விற்கலாம். மெஷின் வைக்கச் சரியான இடம் மூன்றாவது வளைவு, மேல்மாடி ஜன்னல். சரோஜா நிற்கும் இடம்.

"திங்கக்கிழமை ஆள் வந்து ஜன்னலைக் கழட்டுவாங்க," என்றாள் வாணி. "பொம்மைய ஸ்டோர்ல வச்சிடுங்க."

ஸ்டோர் ரூம் கூரைக்கடியில் இருந்தது. தலை இல்லாத பொம்மைகள், கை மட்டும், வாளி, பெயின்ட் டின். ஒரு தடவை உள்ளே போன எதுவும் திரும்ப வந்ததில்லை. என் மின்விசிறி ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"கல்யாணம் ஆகாத பொண்ணும்மா," என்றார் விலாசம்.

"அங்கிள், அது ஃபைபர் லா."

"ஃபைபர்னா?"

வாணி ஃபைலைப் புரட்டினாள். அவளுக்கு மேலே ஒரு முதலாளி. முதலாளிக்கு மேலே பேங்க். கெட்டவள் இல்லை.

இன்னும் பத்து நாள் இருந்தது. அவர் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். என்னிடம் வந்து ஒவ்வொருவராகச் சொன்னார். சண்முகத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மனைவியின் கடிதங்கள் பையில் இருக்கின்றன. காதர் தாத்தா வயது. முனியன் நல்லவன்தான். ஆனால் மூட்டையை இறக்க மாட்டான்.

"எறக்கச் சொல்லுங்க அண்ணே."

"பசை போட்டு ஒட்டிட்டாங்க, தம்பி. கடைசிவரைக்கும் தூக்கிட்டுத்தான் நிப்பான். பொண்ணு என்ன பண்ணும்?"

மிஞ்சியவன் பெட்டிக்காரன். ஆள் வாட்டசாட்டம். வயது பொருத்தம். ஆனால் விலாசம் இல்லை. அவர் மூன்று நாள் காலையில் சாப்பிடும் ரொட்டி சானாயைப் பாதியில் வைத்தார். தூசி தட்டவில்லை. முதல் வளைவில் பெட்டிக்காரனுக்கு எதிரே ஏணியின் மேல் உட்கார்ந்திருந்தார். படகில் போனவர்கள் அவரையும் படம் எடுத்தார்கள்.

நான்காவது நாள் பம்ப் ரூமுக்கு வந்தார். பெட்டிக்காரனுக்குப் பின்னால் சுவரில் ஒரு கதவு உண்டு. மற்றதெல்லாம் வரைந்த கதவு, இது மட்டும் நிஜம். அதற்குப் பின்னால்தான் என் பம்ப் ரூம். அவசரத்துக்கு அந்த வழியாகத்தான் நான் வாய்க்காலில் இறங்குவேன்.

"தம்பி, இந்தக் கதவு."

"ம்."

"தொறந்து வச்சா உள்ள ரெண்டு அடி எடம் இருக்கு."

"இருக்கு."

"வீடுன்னு சொல்லலாம்."

அந்த இரண்டு அடியில்தான் என் நாற்காலி. யோசித்தேன்.

"எடுத்துக்குங்க," என்றேன்.

அன்று சாயந்திரம் பெட்டிக்காரனுக்குப் பெயர் வந்தது. கோவிந்தன், முதல் வளைவு, பம்ப் ரூம் வீடு.

மறுநாள் கல்யாணக் கார்டு அடித்தார். மஞ்சள் கார்டு, ஓரத்தில் மயில். "நமது சரோஜாவுக்கும் கோவிந்தனுக்கும்." ஞாயிறு காலை ஒன்பதுக்கு மேல் பத்துக்குள். இடம் என்ற வரியில் கிட்டங்கியின் நிஜமான விலாசத்தைப் போட்டிருந்தார். அஞ்சல் எண்ணோடு. பொய் விலாசம் எழுத அவர் கைக்கு வராது. எனக்கு ஒன்று, ராஜி அக்காவுக்கு ஒன்று, வாணி மேசையில் ஒன்று. வாணி அதை அலங்காரம் என்று நினைத்து முனியன் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொன்னாள்.

மீதியை அவர் எங்கே கொண்டுபோனார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சூலியா தெரு, கிங் ஸ்ட்ரீட், குவீன் ஸ்ட்ரீட். முப்பது வருடம் தபால் போட்ட வீடுகள். மோட்டர் சைக்கிளில் போய் வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். கொடுத்தவர் யார் என்று பார்த்தார்கள். கார்டைப் பார்த்தார்கள். நம் தபால்காரர் மகளுக்குக் கல்யாணம். அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு எட்டரைக்கே கிட்டங்கி வாசலில் பட்டுச்சேலை. வேட்டி. சொங்கோக் தொப்பி போட்ட இரண்டு பெரியவர்கள். பிளாஸ்டிக் பை நிறையப் பழம். ஒரு அக்கா பரிசாக ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு நின்றார். வாணி ஓடி வந்தாள்.

"அலாமாக்! யாரு இவங்கல்லாம்?"

"பொண்ணு வீட்டுக்காரங்க," என்றார் ராஜி அக்கா.

விலாசம் புது வேட்டியில் வந்து கும்பிட்டார். கிங் ஸ்ட்ரீட்டில் தையல்கடை வைத்திருக்கும் அம்மா முன்னால் வந்தார். கையில் பொட்டலம். மணப்பெண்ணுக்குச் சேலை.

"பொண்ணு எங்க, தம்பி? உங்க சம்சாரம் எங்க?"

"எனக்குச் சம்சாரம் இல்லங்க."

"காலமாயிட்டாங்களா?"

"இல்லங்க. கல்யாணமே ஆகல."

ரைஸ் குக்கர் அக்கா குக்கரைத் தரையில் இறக்கி வைத்தார்.

"அப்ப இது யார் பொண்ணு?"

"பெருமாள் பொண்ணு. மூணாவது வளைவு."

"பெருமாள் யாரு?"

"டோபி."

வாணி இதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஆன்ட்டி, சாரி. பொம்மை ஆன்ட்டி. உள்ள இருக்கிறதெல்லாம் பொம்மை. நாளைக்கு அதை எடுத்து ஸ்டோர்ல வைக்கப் போறோம். அதான் அங்கிள் இப்படி..."

எல்லோரும் விலாசத்தைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவர் தவறான வீட்டில் தபால் போட்டதில்லை என்று பெருமை பேசுவார். அன்றைக்கு அவர் முகம் அப்படி இல்லை.

தையல்கடை அம்மா பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"கார்டு குடுத்தீங்க. வந்துட்டோம். பொண்ணைக் காட்டுங்க."

டிக்கெட் பற்றி வாணி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ராஜி அக்கா கேட்டைத் திறந்துவிட்டார்.

படகுக்கு ஆறு பேராக அனுப்பினோம். விலாசம் வாசலில் பெரிய தட்டு வைத்து எல்லோர் கையிலும் மஞ்சள் அரிசி கொடுத்தார். சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருக்கும் மாமா முதல் படகில். காதரைத் தாண்டும்போது அவர் குரல் எனக்குக் கேட்டது.

"என்னப்பா, நம்ம கடையவிட இவன் ரேட்டு நல்லாருக்கு!"

மூன்றாவது வளைவில் படகுகள் வரிசையாக முட்டிக்கொண்டு நின்றன. மேலே சரோஜா. தையல்கடை அம்மாவின் சேலையை விலாசம் ஏணியில் ஏறிச் சுற்றிவிட்டார். மேளம் ஸ்பீக்கரில் வந்தது, வாணியின் ஃபோனிலிருந்து. அவளிடம் நான் கேட்கவில்லை, அவளே போட்டாள். அரிசி மழை மாதிரி விழுந்தது.

"பொண்ணு கொஞ்சம் வெறைப்பா நிக்குதே," என்றது ஒரு குரல்.

"கல்யாணத்தன்னைக்கு எல்லாப் பொண்ணும் அப்படித்தான்," என்றது இன்னொரு குரல்.

சரோஜாவை நானும் விலாசமும் இறக்கினோம். உட்கார வராது. கடைசிப் படகில் குறுக்கே படுக்க வைத்தோம். புகுந்த வீட்டுக்குப் படுத்துக்கொண்டே போன பெண் அவள்தான். படகுகள் மறுபடி ஒரு சுற்று வந்தன; முதல் வளைவில் நான் கதவைத் திறந்தேன். கோவிந்தனுக்குப் பின்னால், என் நாற்காலி இருந்த இடத்தில், நிமிர்த்தி வைத்தோம்.

வாணி பலகை வழியாக நடந்து வந்தாள். "அங்கிள், இது பிளான்ல இல்ல. ஸ்டோர்னுதான் எழுதிக் குடுத்திருக்கேன்."

படகிலிருந்து தையல்கடை அம்மா கேட்டார். "வாழப் போன பொண்ண யாராவது ஸ்டோர்ல வைப்பாங்களாம்மா?"

வாணி கதவைப் பார்த்தாள். சரோஜாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சேகர் அண்ணே, இது உங்க ரூம். உங்களுக்கு ஓகேவா?"

"ஓகே."

"நாற்காலி?"

"நின்னுக்குவேன்."

அவள் ஃபைலில் ஸ்டோர் என்பதை அடித்துவிட்டு ஏதோ எழுதினாள். என்ன எழுத வேண்டும் என்று விலாசம் பக்கத்தில் நின்று, எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

விலாசம் இப்போது தைப்பிங்கில் தங்கை வீட்டில் இருக்கிறார். நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். சரோஜா அதே வீட்டில்தான் என்று ராஜி அக்கா சொன்னார்.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு, மத்தியானம், பம்ப் நின்றது. படகுகள் நின்றன. ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே அரிசி, ஊறிப் பெருத்து, மஞ்சளாக. கையால் அள்ளினேன். குப்பையில் கொட்டவில்லை; ஜெட்டிக்குக் கொண்டுபோய்க் கடலில் மீனுக்குப் போட்டேன். பழுது ரிப்போர்ட் எழுத வேண்டும். யார் செய்த தப்பு என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட்டேன். காரணம் என்ற இடத்தில் 'வீட்டுக் கல்யாணம்' என்று எழுதினேன். எடுத்த அடைப்பின் அளவு என்ற இடத்தில்:

மூன்று வாளி.