எஃப் நாலைத் தொடாதே!

இந்த வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டரும் வராது, அந்தச் சின்ன அறையும் காலியாகாது என்று கணக்கர் சபதம் போட்டாரே, அன்றைக்கே அவருக்குச் சனி பிடித்துவிட்டது. தெரிந்திருந்தால் சபதத்தைக் கொஞ்சம் மெதுவான குரலிலாவது போட்டிருப்பார்.

கணக்கருக்கு லாரி கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறார். அம்மணி, அதாவது அவர் மனைவி, ஓர் அச்சகத்துக்கு அழைப்பிதழ் வரைந்து கொடுப்பவர். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கூடத்து மூலையில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே மேசை. சின்ன அறை ஒன்று இருக்கிறதுதான். ஆனால் அதில் மனுஷர் கால் வைக்க முடியாது. செத்துப்போன மானிட்டர், பல்லு போன கீபோர்டு, எதுக்குச் செய்தோம் என்று செய்தவனுக்கே மறந்துபோன வயர்கள். "ஒருநாள் உதவும்" என்பார் கணக்கர். கல்யாணமான நாளிலிருந்து அம்மணியும் அந்த ஒருநாளுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, அந்த ரூமை ஒழிச்சுக் கொடுங்க. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர் போட்டு நிம்மதியா வரைஞ்சுக்கறேன். இன்னொரு தடவை லேட் பண்ணினா வேற ஆளைப் பார்த்துக்கறேன்னு அச்சகத்துக்காரர் சொல்லிட்டார்."

"மேசைதானே வேணும்? இதுக்குள்ளயே போட்டுத் தரேன்."

"எதுக்குள்ள?"

"இந்தப் பெட்டிக்குள்ள. ஒரே கம்ப்யூட்டர்ல ஆளுக்கொரு மேசை போடலாம், தெரியுமா? உன் படம் உன் மேசையில திறந்தபடியே இருக்கும். என் கணக்கு என் மேசையில திறந்தபடியே இருக்கும். எதையும் மூட வேண்டாம். பட்டனைத் தட்டினா உன்னுது, இன்னொரு பட்டனைத் தட்டினா என்னுது."

"சரி, நாற்காலி?"

"என்ன நாற்காலி?"

"மேசை நூறு போடுங்க. உட்கார நாற்காலி ஒண்ணுதானே இருக்கு?"

இந்த மாதிரிக் குறுக்குக் கேள்விக்கெல்லாம் கணக்கர் பதில் சொல்வதில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துவிட்டு, பெரிய அணையைத் திறந்து வைக்கிற மந்திரி மாதிரி அம்மணியைக் கூப்பிட்டார்.

"நல்லாப் பார்த்துக்கோ. கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் அமுக்கிக்கிட்டு எஃப் ரெண்டைத் தட்டினா உன் மேசை. எஃப் மூணு என் ஆபீஸ். எஃப் நாலைத் தொடாதே."

"அது யாருது?"

"அது பராமரிப்பு. தொட்டா மெஷின் படுத்துடும்."

சொல்லாமல் விட்டிருந்தால் அப்படி ஒரு பட்டன் இருப்பதே அம்மணிக்குத் தெரிந்திருக்காது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!

எஃப் நாலில் என்ன இருந்தது தெரியுமா? தோட்டம். கம்ப்யூட்டர் விளையாட்டுத் தோட்டம். பால்கனியில் இரண்டு நிஜச் செடிகள் கருகிக் கிடந்தன. அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற நேரமில்லாத மகானுபாவர், அங்கே தர்பூசணிக்குச் சொட்டு நீர்ப் பாசனம் பண்ணிக்கொண்டிருந்தார். அதில் ஒரு பந்தயம் வேறு. வருகிற திங்கள்கிழமை சாயங்காலம் யார் அதிகமாகப் பறிக்கிறார்களோ அவர்களுக்குத் தங்க மண்வெட்டி. கொஞ்சம் அசந்தால் பழம் அத்தனையும் அழுகிவிடும். போன தடவை 'மண்புழு' என்று பேர் வைத்துக்கொண்டு எவனோ மண்வெட்டியைத் தட்டிக்கொண்டு போனதிலிருந்து கணக்கருக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மணியின் செருப்புச் சத்தம் கேட்டால் எஃப் மூணு. சத்தம் போனால் எஃப் நாலு. இந்தத் தாவலுக்கு நடுவே பாஸ்வேர்டு கேட்டுக்கேட்டு உயிரை வாங்கியதால், எல்லா மேசைக்கும் பாஸ்வேர்டையே எடுத்துவிட்டார். புத்திசாலி!

வெள்ளிக்கிழமை அம்மணி அன்றைய வேலையை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைக்கப் போனார். அது அணையமாட்டேன் என்றது.

"என்னங்க, உள்ள இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களாம். இப்ப அணைச்சா அவங்க வேலை வீணாயிடும்னு எழுதியிருக்கு."

கணக்கர் பாத்ரூமிலிருந்து பாதி முகம் சோப்போடு ஓடி வந்தார். "அணைக்காதே! அணைக்காதே!"

"ஒருத்தர் ஆபீஸ் நீங்க. இன்னொருத்தர் யாரு?"

"அதான் பராமரிப்பு."

"பராமரிப்புக்கு என்னங்க சேமிக்காத வேலை?"

"அது... தூசி தட்டிக்கிட்டு இருக்கும்."

"நம்ம வீட்ல தூசி தட்டற ஆள் ஒருத்தர் இருக்காரா! அவரை அப்படியே சின்ன ரூமுக்கு அனுப்பி வைங்களேன்."

கணக்கர் சிரித்து மழுப்பினார். அம்மணியும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை விடிந்ததும் அம்மணி மறுபடி ஆரம்பித்தார். "இன்னிக்கு லீவுதானே, ரூமை ஒழிக்கலாமா?"

"லீவா? வருஷக் கடைசிக் கணக்கு தலைக்கு மேல கிடக்கு! சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. மேனேஜர் மனுஷனே இல்லை."

"என் படம் செவ்வாய்க்கிழமை கொடுக்கணும்ங்க."

"ஆபீஸ் வேலை முக்கியமா, அழைப்பிதழ் முக்கியமா?"

அம்மணியின் முகம் சட்டென்று வாடிவிட்டது. இரண்டு கல்யாணமும் ஒரு கடைத் திறப்பும் அந்தப் படத்துக்காகக் காத்திருந்தன. அச்சகத்துக்காரர் கைவிட்டால் அந்த வேலையே போச்சு. அது கணக்கருக்கும் தெரியும். ஆனால் தர்பூசணி பிஞ்சு விட்டிருந்ததே, என்ன செய்வார்!

ஆச்சரியம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை அம்மணி வாயே திறக்கவில்லை. காபி வந்தது. கேட்காமலே இன்னொரு காபி வந்தது. "பாவம், கண்ணெல்லாம் எப்படிச் சிவந்திருக்கு! போய்த் தலைக்கு ஊத்திக்கிட்டு வாங்க, சூடு தணியும்" என்று துண்டைக்கூடக் கையில் கொடுத்தார். கட்டின பெண்டாட்டி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று கணக்கருக்குக் கண் கலங்கியது. எஃப் மூணைத் தட்டி ஆபீஸ் மேசையைக் காட்டி வைத்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. தர்பூசணியும் பத்திரம்.

திங்கள்கிழமை காலை, உண்மையிலேயே வேலை பார்க்க ஆபீஸ் மேசையில் உட்கார்ந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். மேனேஜர் எழுதியிருந்தார்:

'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் நீங்கள் லீவே கேட்டதில்லை. மனைவி வேலை செய்ய ஓர் அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தது மனசைத் தொட்டுவிட்டது. இந்த வாரம் முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அறையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். என் மனைவி பார்க்க வேண்டும் என்கிறாள்.'

"ஏய்! இங்க வா! யாரு லீவு கேட்டது?"

"நீங்கதான்" என்றார் அம்மணி, கை துடைத்துக்கொண்டே. "உங்க மேசையிலிருந்துதானே போயிருக்கு?"

"நான் கேக்கவே இல்லை!"

"நேத்தெல்லாம் அந்த மேசையை விட்டு நீங்க எழுந்திருக்கவே இல்லையே. வேற யாரு கேட்டிருப்பா?"

"நான் இப்பவே மேனேஜருக்கு போன் போட்டுச் சொல்றேன் பாரு!"

"தாராளமா சொல்லுங்க. ஐயா, அந்த மேசையில நான் இல்லை, பக்கத்து மேசையில தர்பூசணிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தேன்னு சொல்லுங்க. நம்பரைப் போட்டுத் தரட்டுமா?"

கணக்கர் போனைக் கீழே வைத்தார்.

"எஃப் நாலைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"தொட்டேன். மெஷின் ஒண்ணும் படுக்கலையே. பெருக்குமாறு கதவுக்குப் பின்னாடி இருக்கு."

அப்புறம் என்ன, மத்தியானம் முழுக்க மானிட்டர் சுமந்தார். வயர் காலைச் சுற்றியது. தூசி மூக்கில் ஏறித் தும்மித் தும்மி உயிர் போயிற்று. பழைய இரும்புக்காரர் வண்டியில் தன் 'ஒருநாள்' எல்லாம் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. அதைவிடப் பெரிய அழுகை, மணி சாயங்காலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பழம் அழுகும் நேரம்.

கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அறை வாசலிலிருந்து கூடத்தை எட்டிப் பார்த்தார். மத்தியானமே படத்தை முடித்துவிட்ட அம்மணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரை பச்சைப் பசேலென்று இருந்தது. கூடை கூடையாகத் தர்பூசணி. நடுவில் தங்க மண்வெட்டி பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மண்புழு இரண்டாவது இடத்தில் கிடந்தான்.

"ஜெயிச்சாச்சா?" என்று கத்தினார் கணக்கர். பரவசத்தில் பெட்டி கையிலிருந்து நழுவி, தடாலென்று கீழே விழுந்தது.

செருப்பை உதறிக்கொண்டு அவர் கூடத்துக்கு ஓடி வருவதற்குள் திரையில் லாரிக் கணக்கு வந்துவிட்டது. அம்மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சத்தம் போடாதீங்க. ஆபீஸ் வேலையா இருக்கேன்."