வானம் பார்த்த மனை

வீடு கட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். வெளியே சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முடிவெடுப்பது நான். அறிவிப்பது என் மனைவி தையல்நாயகி.

காரைக்கால் கடற்கரைக்குப் போகிற வழியில் எங்கள் மனை. மேலே புல், கீழே அல்வா போலக் களிமண்.

"ஆழமா பைல், அதான் கான்கிரீட் தூணு, எறக்கணும் சார். இல்லாட்டி மணலைக் குவிச்சு வைங்க. அந்தப் பாரத்துல களியில இருக்கிற தண்ணி வெளியேறி மண்ணு எறங்கும். எறங்கி நின்னதும் கட்டலாம்" என்றார் இன்ஜினியர் அருள்மணி.

ஆபீஸில் பைல்களைப் பார்த்தே நொந்தவன் நான். மணலே போதும் என்றேன்.

மணல் வந்தது. என் புத்தி போனது. சாயங்காலம் அதன் உச்சியில் துண்டை விரித்துப் படுத்தால், கிளிஞ்சல்மேட்டுப் பக்கமிருந்து காற்று வரும். கண் சொருகும். படகுகள் வானத்தில் மிதக்கும். ஒன்றில் நானும் ஏறிப் போய்விடுவேன். ஆபீஸ் இல்லை, ஒழுகுகிற வாடகை வீடு இல்லை. அப்படி ஒரு சுகம்! வீடே வேண்டாம் என்று முடிவெடுத்தது அங்கேதான். எனக்கு வானம் பார்க்க ஆசை. தையல்நாயகிக்கு மண்ணில் வானம் தோண்டி அஸ்திவாரம் போட ஆசை.

"என்னங்க, மண்ணு எறங்கிடுச்சா?"

"எங்க எறங்குது! அடம் புடிக்குது."

"மழை வந்தா கூடமெல்லாம் வாளி வைக்கணும்ங்க."

"நான் என்ன செய்ய? பாரம் பத்தலை தையலு."

"பாரந்தானே?" என்றபடி உள்ளே போனாள். அந்தத் 'தானே'யில் நான் விழித்திருக்க வேண்டும்.

மறுநாள் மணல் உச்சியில் பாய் விரித்து, வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார் விழிதியூரிலிருந்து வந்த என் மாமியார்.

"வாங்க மாப்ளே! பாரம் பத்தலைன்னு தையலு போன் போட்டுச்சு. மண்ணு எறங்குற வரைக்கும் இங்கதான்."

"எதுக்கு அத்தை உங்களுக்குச் சிரமம்?"

"என்ன சிரமம்? பூவத்து மாப்ளே மாடி எழுப்பிட்டாரு. நீங்க மணலை எழுப்பியிருக்கீங்க!"

தினமும் பூவத்து மாப்பிள்ளையான என் சகலையின் புராணம். கண்ணை மூடினாலும் தப்பவில்லை. என் வானத்துப் படகில், எனக்கு முன்னால் ஏறி, அத்தை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் தாங்கினேன். பிறகு அருள்மணியிடம் ஓடினேன்.

"சார், மண்ணு எறங்கிடுச்சு! நாளைக்கே வானம் தோண்டுங்க!"

"அது போன மாசமே எறங்கி நின்னுடுச்சே. உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேனே?"

வீட்டுக்குப் பறந்தேன்.

"தெரிஞ்சுமா உங்கம்மாவை அங்க ஏத்தி உக்கார வச்ச?"

தையல்நாயகி காபியை நீட்டினாள்.

"மண்ணு எப்பவோ எறங்கிடுச்சுங்க. நீங்க எறங்கி வரத்தான் பாரம் வச்சேன்."