பத்தரையைத் தாண்டக் கூடாத கடிகாரம்

கடிகாரம் 10:21 காட்டியது. நிச்சயதார்த்தப் பெண் இன்னும் பேகம்பூர் பியூட்டி பார்லரில் இருந்தாள்.

"பார்லர்க்காரி ஷப்னம் போனை எடுக்க மாட்டேங்குறா. தலை அலங்காரமே முடியல போல," என்று அடுப்படி வாசலில் கிசுகிசுத்தாள் பெண்ணின் அம்மா முனீஸ்வரி.

"செத்த நேரம் சும்மா இரு!" என்று பல்லைக் கடித்தார் அப்பா அழகர்சாமி.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்றாவிட்டால் எழுந்து போய்விடுவேன் என்று மாப்பிள்ளையின் அப்பா, குஜிலியம்பாறை மலைச்சாமி, முன்கூட்டியே சொல்லியிருந்தார். போன வருஷம் ஒரு வீட்டில் பாதிக் கேசரியில் எழுந்த மனிதர். மூன்று வரன்களை உதறிய மகள் அம்பிகா, முதன்முதலாக வாய் திறந்து "சரிப்பா" என்று சொன்ன இடம் இது.

அழகர்சாமி பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் டைம் கீப்பர். ஓய்வு பெற்ற பிறகும், தன் கையெழுத்து இல்லாமல் பொழுது விடியாது என்ற நினைப்பு. ரஷ்யாவில் எந்தக் காலத்திலோ செய்த கண்ணாடிக் குழல்கள் நான்கை, மற்ற பாகங்களோடு ஒரு கிட்டாக வரவழைத்து, மூன்று மாதம் விரலைச் சுட்டுக்கொண்டு சால்டரிங் செய்து கட்டிய கடிகாரம். குழலுக்குள் எண்கள் பச்சையாக எரியும். "இனி இந்த வீட்டுல இதுதான் நேரம்" என்று மற்ற கடிகாரங்களைப் பரணில் ஏற்றிவிட்டார். அதோடு விட்டாரா? சோபாவை விட்டு எழாமல் நேரத்தைத் திருத்த, நிமிடப் பொத்தானுக்கு ஒயர் இழுத்து மெத்தைக்கு அடியில் வைத்திருந்தார்.

எதிரே மலைச்சாமி, வீட்டுக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடியோடு, கடிகாரத்தையே பார்த்தபடி இருந்தார். "நல்ல காரியத்துல போன் கத்தக் கூடாது" என்ற அவர் உத்தரவில் மனைவி சிவனம்மாளும் மகன் சந்தோஷ்குமாரும் போனை அணைத்திருந்தார்கள்.

பத்து நிமிடத்தைத் திருடினால் போதும். அழகர்சாமியின் கை மெத்தைக்கு அடியில் போனது.

அப்போதுதான் உறைத்தது. பொத்தான் முன்னால்தான் போகும், பின்னால் போகாது. ஐம்பத்தொன்பதைத் தொட்டுச் சுற்றி வர வேண்டும். வழியில் பத்தரை இருக்கிறது.

"சம்பந்தி, ஜன்னல்ல பாருங்க, மலைக்கோட்டை எம்புட்டு அழகாத் தெரியுது!"

மலைச்சாமி திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் அழகர்சாமி அமுக்கத் தொடங்கினார். 10:29. 10:30. 10:34.

"ஏ முனீஸ்வரி, சம்பந்திக்கு இன்னொரு காப்பி!"

"வேணாம்."

10:41. மலைச்சாமி கடிகாரத்தைப் பார்த்தபடியே மெல்லக் கைகூப்பினார்.

கும்பிட்டு விடைபெறுகிறார்! அழகர்சாமி பொத்தானை வெடுக்கென்று அமுக்கினார். பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. எண்கள் தறிகெட்டு ஓடின. ஒயரைப் பிடுங்கினார். எங்கேயோ 'டிக்' என்றது. நான்கு குழல்களும் ஒன்றாக எரிந்தன, என்றுமில்லாத பிரகாசத்தில். 88:88. எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத நேரம்.

மலைச்சாமி எழுந்துவிட்டார்.

"அப்பா, உக்காருங்கப்பா..." சந்தோஷ்குமார் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

வாசலில் ஆட்டோ நின்றது. தலை நிறையப் பூவோடு ஓடி வந்த அம்பிகா, எல்லோரும் நிற்பதைப் பார்த்துப் படியிலேயே உறைந்தாள்.

"சம்பந்தி! பொண்ணு வந்துருச்சு! முப்பது வருசத்துல நான் ஒரு பஸ்ஸைக்கூட லேட்டா விட்டதில்ல, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்..." அழகர்சாமி குறுக்கே போய் நின்றார்.

மலைச்சாமி காதில் வாங்கவே இல்லை. கூப்பிய கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார்.

சிவனம்மாள் சங்கடத்தோடு அழகர்சாமி பக்கம் குனிந்தாள்.

"தப்பா நெனைக்காதீகண்ணே. கண்ணு ஆபரேசன் முடிஞ்சு நாலு நாள்தான் ஆகுது, வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது அவருக்கு. அந்தப் பச்சை வெளிச்சத்தை ஆத்தா படத்து வெளக்குன்னு நெனச்சுக் கும்பிடுறாரு, ஒரு சூடம் காட்டிட்டீகன்னா பேசாம உக்காந்துருவாரு."