போலீஸ் வருமுன் வீடு துடைத்த கதை

திருட்டுப் போன வீட்டில் எதையும் தொடக் கூடாது என்பது இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிகிறது. எனக்கு இருபத்திரண்டு வயதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அன்று நடந்தது தொட்டதோடு நிற்கவில்லை. பெருக்கி, துடைத்து, பினாயில் ஊற்றி, ஊதுவத்தியும் ஏற்றிய பிறகுதான் போலீஸைக் கூப்பிடப் போனோம். கூப்பிடப் போனவன் நான். துடைப்பத்தைப் பிடித்தவனும் நானே.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டெல்லி கோல் மார்க்கெட் பக்கத்தில் அரசுக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் இருந்தோம். அப்பா மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். மதுரையிலிருந்து வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், இந்தியை ஃபைலில் குறிப்பு எழுதும் அளவோடு நிறுத்திக்கொண்டவர். அம்மாவின் இந்தி காய்கறி வண்டிக்காரரிடம் கற்றது. அதில் பேரம் பேசலாம், அதட்டலாம், வேறு எதுவும் செய்ய முடியாது. நான் அங்கேயே வளர்ந்தவன் என்பதால் வெளியுலகத்தோடு பேச வேண்டியதெல்லாம் என் தலையில் விழும்.

அந்தச் சமயம் எனக்கு மத்திய அரசில் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. கிடைத்திருந்தது என்றால் முக்கால்வாசி கிடைத்திருந்தது. போலீஸ் வெரிஃபிகேஷன் பாக்கி. எங்கள் பகுதி ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, ‘பையன் மேல் புகார் எதுவும் இல்லை’ என்று எழுதி அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தால்தான் ஆர்டர் வரும். எதிர்மாறாக ஒரு வரி எழுதிவிட்டால் வேலை போயே போச்சு.

“வெரிஃபிகேஷன் முடியுற வரைக்கும் ரோட்டுல நின்னு சத்தமாத் தும்மக்கூடக் கூடாது, தெரிஞ்சுதா?” என்று அப்பா தினமும் காலையில் சொல்லிவிட்டுத்தான் ஸ்கூட்டரை உதைப்பார். நானும் தும்மல் வந்தால் வீட்டுக்கு ஓடிவரும் அளவுக்கு ஒழுக்கமாக இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மாவோடு முருகன் கோயிலுக்குப் போய்விட்டு மதியம் மூன்று மணிக்கு மேல் திரும்பினோம். முன்கதவின் பூட்டைத் திறக்கும்போது உள்ளே ஏதோ சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தேன். உள்ளே போனால் பீரோ திறந்து கிடக்கிறது. அம்மாவின் புடவைகள் கூடம் முழுக்க இறைந்து கிடக்கின்றன. அரிசி டின் கவிழ்ந்திருக்கிறது. பின்கதவுத் தாழ்ப்பாள் பிடுங்கப்பட்டுத் தொங்குகிறது. சாமி அலமாரியிலிருந்த வெள்ளிக் குத்துவிளக்கு, தட்டு, குங்குமச் சிமிழ் எதையும் காணோம். அவையெல்லாம் அம்மாவுக்குக் கல்யாணத்தில் வந்தவை.

அம்மா அந்தக் காலி அலமாரியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பூனை என்று நினைத்தது பூனை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்பாவுக்கு போன் செய்தேன். பறந்து வந்தார். வந்தவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் ஸ்டேஷனுக்கு ஓடுறேம்ப்பா.”

“உக்காருடா. இன்னைக்குச் செவ்வாய். நாலரை வரைக்கும் ராகுகாலம்.”

“அப்பா, திருடன் ராகுகாலத்துலதானே வந்திருக்கான்!”

“அதான் அவனை விடு, அவன் மாட்டிக்குவான். நாம எதுக்கு மாட்டிக்கணும்? உன் வேலையே அந்த ஸ்டேஷன்ல இருக்கு. முதமுதலா அந்த வாசப்படி மிதிக்கிறது நல்ல நேரத்துல மிதி.”

நூறுக்கு போன் போடலாமே என்றேன். போனில் பேசினாலும் ராகுகாலம் ராகுகாலம்தான் என்றார். (அவர் அமைச்சகத்தில் எந்த ஃபைல் ஏன் தாமதமானது என்பது அன்றைக்கு எனக்கு ஓரளவு விளங்கியது.)

ஆக, ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காருவது எங்கள் பரம்பரையிலேயே இல்லை. முதலில் எழுந்தவர் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

“ஏங்க, போலீஸ்காரங்க வருவாங்கல்ல?”

“வருவாங்க.”

“வீடு இப்படிக் கிடந்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? செல்வம், அந்த விளக்குமாத்த எடு.”

எடுத்தேன். வெட்கமில்லாமல் எடுத்தேன். அதைவிடக் கேவலம், எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நாளைக்கு என் நடத்தையைப் பற்றி எழுதப் போகிற ஸ்டேஷன். அவர்கள் முதன்முறை வரும்போது வீடு குப்பையாகவா இருப்பது? அரிசியைக் கூட்டி அள்ளினேன். தரையைத் துடைத்தேன். கண்டவன் நடந்த இடம் என்று அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தார். புடவைகளை உதறி, மடித்து, கலர் வாரியாக பீரோவில் அடுக்கினார். பின்பக்கம் போய் எதையெதையோ கழுவினார். பூட்டாத வீட்டை எப்படி விட்டுவிட்டு ஸ்டேஷன் போவது என்று அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கி, பிடுங்கிய தாழ்ப்பாளை நிமிர்த்தி, புது ஆணி போட்டு இறுக்கினார். முன்னைவிட நன்றாகவே சாத்தியது.

மீதி நேரத்தில் நான் புகாரை எழுதினேன். ‘உங்கள் சைக்கிள் திருடு போனது பற்றிக் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதுக’ என்பது போட்டித் தேர்வுகளில் நிரந்தரக் கேள்வி. அதை எழுதி எழுதிப் பழகிய கை. ஓரம் விட்டு, கோடு போட்டு, ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று தொடங்கி, முத்தாய்ப்பாக ‘என்றென்றும் கடமைப்பட்டிருப்பேன்’ வரை ஆங்கிலத்தில் ஒரு காவியம். பத்துக்கு ஒன்பது மதிப்பெண் நிச்சயம்.

ராகுகாலம் முடிந்தது. அப்பா என் நெற்றியில் விபூதி பூசி அனுப்பினார்.

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. ஹரியானாக்காரர். பெரிய மீசை, சிறிய பேச்சு. என் காவியத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். “சலோ” என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். பின்னால் உட்கார்ந்து வரும்போது, எவ்வளவு சீக்கிரம் நடவடிக்கை எடுக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

வீட்டு வாசலில் முதல் சோதனை. பூட்ஸ் காலோடு அவர் உள்ளே வைத்த ஒரு காலைப் பார்த்து அம்மா பதறிப் போனார்.

“பையா! பூட் பாஹர்!”

யூனிஃபார்மில் இருக்கும் போலீஸ்காரரை பூட்ஸை வெளியே கழற்றச் சொன்னவர்கள் டெல்லியில் அதுவரை யாராவது இருந்தார்களா தெரியாது. அப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டார். என் வேலை அந்த வாசலிலேயே போய்விட்டது என்று நினைத்தேன். எஸ்.ஐ. அம்மாவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் சாக்ஸோடு உள்ளே வந்தார். அவர் வைத்த அந்த முதல் காலடி மட்டும் ஈரத் தரையில் அச்சாகப் பதிந்திருந்தது. எங்கள் வீட்டில் கிடைத்த ஒரே கால்தடம் அதுதான்.

கூடத்தின் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினார். பினாயில், மஞ்சள், சந்தன ஊதுவத்தி.

“சோரி கஹான் ஹுயி?” திருட்டு எங்கே நடந்தது என்கிறார்.

“இங்கேதான் சார்” என்று பீரோவைத் திறந்து காட்டினேன். உள்ளே புடவைகள் ஜவுளிக்கடை போல அடுக்கியிருந்தன. எந்த வழியாக வந்தான் என்றார். பின்கதவைக் காட்டினேன். தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். வெண்ணெய் போல ஓடியது.

எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்றார். சொன்னேன். அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் கழித்து வந்தாய் என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்தார். கெட்ட நேரம் முடியட்டும் என்று காத்திருந்தோம் என்பதை இந்தியில் சொல்லிப் பார்த்தேன். வாயிலிருந்து வரும்போதே அது பொய் போலத்தான் இருந்தது.

எஸ்.ஐ. என் புகாரை மறுபடி விரித்தார். இவ்வளவு அழகாக எப்போது எழுதினாய்? முன்னாடியே எழுதி வைத்திருந்தாயா? என்ன வேலை பார்க்கிறாய்?

“வேலை... வரப் போகிறது சார். வெரிஃபிகேஷன் பாக்கி. உங்கள் ஸ்டேஷனில்தான் இருக்கிறது.”

“அச்சா.”

அந்த ஒரு ‘அச்சா’வுக்குள் என் மொத்த எதிர்காலமும் அடங்கிப் போனது. பூட்டு உடையவில்லை, சாமான் கலையவில்லை, வெள்ளி மட்டும் இல்லை, வேலையில்லாத பிள்ளை இருக்கிறான், கையில் தயாராகப் புகார் இருக்கிறது. இதற்குக் கணக்குப் போட எஸ்.ஐ. தேவையில்லை, ரெண்டாங்கிளாஸ் பிள்ளை போதும். வெள்ளியை எந்தக் கடையில் போட்டாய் என்று நேரடியாகவே கேட்டார். அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை, என் முகம் புரிந்துவிட்டது. “என்னடா கேக்குறாரு? என்னடா?” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை.

“தானே சலோ” என்றார் எஸ்.ஐ. ஸ்டேஷனுக்கு வா.

அப்பா குறுக்கே வந்து, தான் மத்திய அரசு ஊழியர் என்பதையும், இத்தனை வருஷ சர்வீசில் தன் மேல் ஒரு மெமோகூட இல்லை என்பதையும் ஆபீஸ் இந்தியில் தெரிவித்தார். ‘பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்’ என்ற ரகத்தில் இருந்த அந்த இந்தி எஸ்.ஐ.க்குப் புரிந்ததா என்பதே சந்தேகம். எஸ்.ஐ. என் தோளில் கைவைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் கூட்டம். என் நடத்தையைப் பற்றி நாளைக்கு யாரிடம் விசாரிக்க வேண்டுமோ, அந்த அக்கம்பக்கம் முழுவதும் வேலியோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய் சொல்வானேன், அழுதேன்.

எஸ்.ஐ. பூட்ஸ் மாட்டப் படியில் உட்கார்ந்தார். லேஸ் கட்டிக்கொண்டிருந்தவரின் கை நின்றது. பக்கத்தில் வரிசையாக எங்கள் செருப்புகள். கடைசியில் சொட்டச் சொட்ட ஈரமாக, தேய்ந்துபோன ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

“யே கிஸ்கா ஹை?”

யாருடையது? நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தோம்.

“உன்னோடது இல்லையா?” என்றார் அம்மா. “பின்வாசல்ல தலைகீழாக் கிடந்துச்சு. ஒரே சேறு. செருப்பை இப்படிப் போட்டு வச்சிருக்கியேன்னு நாந்தான் பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவிக் கொண்டாந்து வச்சேன்.”

எஸ்.ஐ. ஒரு செருப்பை எடுத்து என் காலடியில் போட்டார். என் ஆயுளில் எந்தப் பரீட்சைக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை. கால் நுழைந்து தொலைத்துவிட்டால் தீர்ந்தேன். நுழைத்தேன். என் குதிகால் பாதி வெளியே நின்றது. அப்பா, கேட்காமலே, தானும் போட்டுப் பார்த்தார். அவருக்கு விரலே நுழையவில்லை.

முன்கதவின் பூட்டைத் திறக்கும்போது கேட்ட சத்தத்தைப் பற்றி அப்போதுதான் உளறிக் கொட்டினேன். செருப்பைப் பின்வாசலில் விட்டு உள்ளே போனவன், நாங்கள் வந்ததும் வெறுங்காலோடு சுவரேறிக் குதித்திருக்கிறான். எஸ்.ஐ. கழுவிய செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏன் அம்மா இதையெல்லாம் கழுவினீர்கள், வீட்டை ஏன் துடைத்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். ரொம்ப நேரமாக அடக்கி வைத்திருந்த அம்மா, காய்கறிக்காரர் இந்தியில் வெடித்தார்.

“ஆப் ஆனேவாலா தா நா!”

நீங்கள் வருவதாக இருந்ததே!

எஸ்.ஐ. சிரிக்கத் தொடங்கினார். மீசையெல்லாம் குலுங்க, பூட்ஸில் ஒரு காலும் சாக்ஸில் ஒரு காலுமாக உட்கார்ந்து சிரித்தார். வேலியோரம் நின்ற கூட்டமும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தது. பிறகு ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எழுதினார்கள். என் காவியத்தை ஓரமாக வைத்துவிட்டு, நடந்ததை நாலு வரியில் அவரே எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மா காலி அலமாரியில் அகல்விளக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் அழுதார். வெள்ளி கடைசிவரை கிடைக்கவில்லை. திருடனும் கிடைக்கவில்லை. அவன் கால்தடத்தின்மேல் பினாயில் ஊற்றித் துடைத்தவன் நான்தானே.

சில வாரம் கழித்து வெரிஃபிகேஷனுக்கு அதே எஸ்.ஐ. வந்தார். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யாரும் சொல்லாமலே படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து போகும்போது அப்பாவிடம் மட்டும் சொன்னார், “உங்கள் வீட்டுக்குத் திருடன்கூட செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறான் சாப். இந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி நான் யாரிடம் போய் விசாரிக்க?”

ஆர்டர் வந்தது. அந்த வேலையில்தான் இன்னமும் இருக்கிறேன். இப்போது டெல்லியிலேயே மயூர் விஹாரில் இருக்கிறோம். என் மகளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் பிழையில்லாமல் வரும். போன மாதம் என் மேலதிகாரி குடும்பத்தோடு சாப்பிட வந்தார், அவரும் தமிழர்தான். ஷூவோடு கூடத்துக்குள் காலை வைத்தவரை என் மகள் வாசலிலேயே மறித்துக்கொண்டு சொன்னாள்:

“அங்கிள், எங்க வீட்டுக்குத் திருடனே வெளியில கழட்டிட்டுத்தான் வந்தான்.”