கிளாராவின் எலும்பு முற்றும்வரை

நாய் வளர்ப்பவர்களால் ஊருக்குப் பெரிய தொந்தரவு இல்லை. நாய் வளர்ப்பதைப் பற்றி வாசிப்பவர்களால்தான் தொந்தரவு. வளர்ப்பவர் கேட்டால் மட்டும் பதில் சொல்வார். வாசித்தவர் கேட்காதவரையும் கூப்பிட்டு இருத்திச் சொல்வார். நான் இரண்டாவது வகை. (‘வகையாக இருந்தேன்’ என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இதை என் கணவர் ஜூட்டும் வாசிப்பார்.)

கிளாரா கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது ஒரு மரக்கறிக் கூடைக்குள் அடங்கினாள். ஜெர்மன் ஷெப்பேர்ட் இனம். எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், எல்லோரும் ‘அல்சேஷன்’ என்றார்கள். நான் ஒவ்வொருவராகப் பிடித்துத் திருத்தினேன். முன்வீட்டு பெனடிக்ட் அங்கிளிடம் மட்டும் என் பாடம் எடுபடவில்லை. சுங்கத்தில் காலம் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்ற அவர், கடைசியில், “சரி மகள், ஜெர்மன் அல்சேஷன்” என்று ஒரு சமாதானத்துக்கு வந்தார்.

சில மாதங்களில் அவள் கூடையை மட்டுமல்ல, எங்கள் வீட்டையே நிரப்பிவிட்டாள். அப்போதுதான் ஜூட் அந்தப் பேச்சை எடுத்தார்.

“எல்லாரும் ஆறு மாசத்தில நாய்க்குக் குட்டி போடாத ஒபரேஷன் செய்யினமாம். நாங்களும் செய்து முடிப்பம்.”

“ஜூட், அது சின்ன நாய்களுக்கு. இவள் பெரிய இனம். எலும்பு முத்த வேணும்.”

“எலும்பு முத்துமட்டும் மற்றதெல்லாம் பாத்துக்கொண்டு நிக்குமோ?”

அந்தக் கேள்வியைத் தாண்டி, எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சிப் பகுதி எப்படி மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது என்று சோற்றுக்கோப்பையில் கரண்டியால் கோடு போட்டு விளக்கினேன். அன்றைக்குப் பருப்பு. நன்றாகவே விளங்கியது.

நுகேகொடையில் ஒரு பெண் டொக்டர் பெரிய நாய்களை நன்றாகப் பார்ப்பார் என்று கேள்விப்பட்டு அவரிடம் போனோம். டொக்டர் சிங்களத்தில் பேசினார், நான் ஆங்கிலத்தில் பேசினேன், ஜூட் பேசவே இல்லை. அவர் சொன்னது கிட்டத்தட்ட நான் வாசித்ததுதான். பெரிய இனத்துக்கு அவசரம் வேண்டாம். எலும்பு வளர்ந்து முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம்; அதற்கு முன் செய்தால் பின்னாளில் மூட்டு வருத்தம் வர இடமுண்டு. முதல் ‘ஹீட்’, அதாவது இணைசேரும் பருவம், வந்து அடங்கி, இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்யலாம். அதற்காக வருடக்கணக்கில் இழுக்கவும் கூடாது.

நான் ஜூட்டைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சட்டக் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவர்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

பிறகு டொக்டர் கேட்டார்: “ஆனால் ஹீட் வரும்போது இவளைப் பூட்டி வைத்துப் பார்த்துக்கொள்ள உங்களால் முடியுமா? முடியாதென்றால் கொஞ்சம் முந்தியே செய்துவிடலாம். அதிலும் பிழையில்லை.”

“எங்கள் மதில் உயரம், டொக்டர்” என்றேன்.

“மதிலைப் பற்றி எனக்குப் பயமில்லை. கேட்டைப் பற்றித்தான்” என்றார் அவர். பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன்.

ஹீட் வந்தது. எங்களுக்குத் தெரிய முன்பே அது ஒழுங்கைக்குத் தெரிந்துவிட்டது. காலையில் கேட்டைத் திறந்தால் வெளியே ஒரு ஆண்கள் மாநாடு. கறுப்பு, வெள்ளை, சொறி பிடித்தது, ஒற்றைக் கண் என்று கொட்டாஞ்சேனையின் சகல பிரதிநிதிகளும் வந்திருந்தார்கள். துறைமுகப் பக்கத்திலிருந்துகூடச் சிலர் வந்ததாக பெனடிக்ட் அங்கிள் சொன்னார். முன்வரிசையில் இருந்தது டைகர். குட்டைக் கால்கள், பழுப்பு நிறம், ஒரு காது மடிந்து கிடக்கும். அங்கிளின் வீட்டு வாசலில்தான் அது சாப்பிடும், படுக்கும், குரைக்கும்.

“அங்கிள், உங்கட டைகரைக் கொஞ்சம் கட்டி வையுங்கோ.”

“அது என்ட நாயில்லை மகள். சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போகும்.”

போகட்டும் என்று விட்டேன். டைகர் முழுதாக நிமிர்ந்து நின்றாலும் கிளாராவின் முழங்காலைத் தாண்டாது. அதை எல்லாம் ஒரு ஆபத்தாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை. ஜூட்டின் பழைய காற்சட்டை ஒன்றில் வாலுக்கு ஓட்டை வெட்டி கிளாராவுக்குப் போட்டுவிட்டேன். (அது பழையதல்ல என்று ஜூட் இன்றைக்கும் சொல்கிறார்.)

இந்த நிலையில்தான் வத்தளையிலிருந்து ஆட்கள் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஜூட்டின் தங்கை ஷாமினிக்குப் பேசிய இடம். மாப்பிள்ளையும் ஷாமினியும் ஏற்கெனவே ஒருவரையொருவர் விரும்பியவர்கள்தான். பெரியவர்கள் வந்து முறையாகக் கதைத்து நாள் குறிப்பதுதான் பாக்கி. என் மாமாவும் மாமியும் காலமாகிவிட்டதால் எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் என்று இருந்தது ஜூட்டும் நானும்தான். அந்தப் பொறுப்பை நினைத்து ஜூட் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

“அண்ணி, அண்டைக்கு மட்டும் கிளாராவைப் பின்னுக்குப் பூட்டி விடுங்கோ” என்றாள் ஷாமினி. “அவரின்ட அம்மா கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்.”

“ஓம் ஓம், அதெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்.”

அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்து வந்து பார்த்தால், கிளாராவின் இரத்தப்போக்கு நின்றிருந்தது. எனக்கு வந்த சந்தோஷம்! எல்லாம் முடிந்தது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். எலும்பைப் பற்றி அத்தனை வாசித்த நான், இரத்தம் குறைகிற நாட்கள்தான் மிக ஆபத்தான நாட்கள் என்ற இடத்தை மட்டும் வாசிக்கவில்லை. காற்சட்டையைக் கழற்றினேன். குளிப்பாட்டினேன், ஷாம்பூ போட்டேன், கழுத்தில் ஷாமினியின் ரிப்பன் ஒன்றையும் கட்டினேன். இவ்வளவு அழகான நாயை எதற்குப் பின்னால் பூட்ட வேண்டும்? வத்தளை ஆட்களும் பார்க்கட்டுமே என்று முன் முற்றத்தில் விட்டேன்.

வத்தளை ஆட்களின் வான் வந்து நின்றது. ஜூட் கேட்டைத் திறந்தார்.

அடுத்து நடந்ததை என்னால் ஒழுங்காக விவரிக்க முடியாது. ஏதோ ஒன்று என் பட்டுச்சேலையை உரசிக்கொண்டு போனது. வானிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா மாகிரட் அன்டி கையில் கேக் பெட்டியோடு இறங்கினார். மழைவெள்ளம் உள்ளே வராமல் இருக்க கேட்டுக்கு வெளியே நாங்கள் கட்டிய படியில் டைகர் ஏறி நின்றது. படிக்குக் கீழே, ரோட்டில், கிளாரா நின்றாள். உயரப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

நான் கத்திக்கொண்டு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது இரண்டும் பிரிக்க முடியாதபடி, வாலோடு வால் ஒட்டியபடி, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

“இழு, இழு!” என்றது ஒரு குரல். “பச்சைத் தண்ணி ஊத்துங்கோ!” என்றது இன்னொன்று. ஒழுங்கை முழுவதும் வெளியே வந்துவிட்டது. நான் டொக்டருக்குப் போன் எடுத்தேன்.

“இழுக்கவே வேண்டாம், இரண்டுக்கும் காயம் வரும்” என்றார் அவர். “தண்ணீரும் வேண்டாம். தானாக விடும். அதுவரை இரண்டையும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.”

“எவ்வளவு நேரம், டொக்டர்?”

“ஒரு பிளேன்டீ குடிக்கலாம்” என்றார்.

ஆகவே நான் பட்டுச்சேலையோடு ரோட்டில் குந்தி கிளாராவின் தலையைக் கட்டிக்கொண்டேன். மறுபக்கத்தில் பெனடிக்ட் அங்கிள், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தனக்குச் சொந்தமில்லாத டைகரைப் பிடித்துக்கொண்டார். ஜூட் வந்தவர்களைப் பார்த்து, “வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ” என்றார். உள்ளே போகும் வழியில்தான் நாங்கள் இருந்தோம். கேட்டுக்குப் பின்னால் ஷாமினி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா இல்லாத பிள்ளை. அவளுடைய நாளை நான் இப்படி ரோட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டேனே.

அதற்குள் ஒழுங்கை அடைபட்டு, வானுக்குப் பின்னால் த்ரீவீல்கள் வரிசை கட்டி ஹோர்ன் அடித்தன. முன்னால் நின்ற த்ரீவீல்காரர் தலையை வெளியே நீட்டி, பட்டுச்சேலை, கேக் பெட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் கல்யாணமா என்று சிங்களத்தில் கேட்டார்.

“ஓவ் மல்லி, தெகக்!” என்றார் பெனடிக்ட் அங்கிள். ஓம் தம்பி, இரண்டு!

பிறகு ஒரு சத்தம் கேட்டது. குக்கர் விசிலடிக்கத் தொடங்கும்போது முதலில் வருமே, அப்படி ஒரு சத்தம். மாகிரட் அன்டி. அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கேக் பெட்டியை வானின் மேல் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். ஷாமினி விரல் இடுக்கால் எட்டிப் பார்த்தாள்.

மாகிரட் அன்டி என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“பிள்ளை, சேலைத் தலைப்பு நிலத்தில படுது” என்று சொல்லி அதைத் தூக்கித் தன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். “அழாதீங்கோ. எங்கட வீட்டிலயும் முந்தி நாய் இருந்தது. இதெல்லாம் நாங்கள் காணாத விஷயமோ?”

கிளாரா விடுபடும்வரை அவர் அந்தத் தலைப்பை விடவில்லை. ரோட்டிலேயே கதைக்கத் தொடங்கி, எந்தக் கோவில், எந்த மாதம் என்பதெல்லாம் அங்கேயே தீர்மானமானது. டைகர் விடுபட்டு, உடம்பை உதறிவிட்டு, பெனடிக்ட் அங்கிளின் வாசலில் போய்ப் படுத்துத் தூங்கியது. உள்ளே போய்க் கேக் வெட்டும்போது அங்கிளும் வந்து எங்களோடு இருந்தார். “மாப்பிள்ளை வீட்டுக்காரன் எண்ட முறையில வந்தனான்” என்றார்.

அடுத்த நாள் மறுபடியும் நுகேகொடை. இந்த முறை நான் எதையும் வாசிக்காமல் போனேன். கருவைக் கலைக்க வழியுண்டு, உடனே ஒபரேஷனும் செய்யலாம், ஈனவும் விடலாம் என்று டொக்டர் ஒவ்வொன்றிலும் உள்ள சிரமத்தை மறைக்காமல் சொன்னார். முதல் ஹீட்டிலேயே குட்டி என்பது நல்லதல்ல. ஆனால் இவள் நன்றாக வளர்ந்த, ஆரோக்கியமான நாய் என்றார். எனக்குப் பயமாக இருந்தது. கிளாரா என் காலில் தலையை வைத்துக்கொண்டு, தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெரியாமல் கொட்டாவி விட்டாள்.

“ஈனட்டும், டொக்டர்” என்றார் ஜூட். அந்த அறையில் அவர் பேசிய முதல் வசனம் அதுதான். “ஒவ்வொரு குட்டிக்கும் நல்ல வீடு பார்த்துக் குடுக்கிறது என்ட பொறுப்பு.”

குட்டிகள் பிறந்தன. கிளாராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடவுளுக்கும் டொக்டருக்கும் நன்றி. குட்டிகளுக்கு உடம்பு தாயுடையது, கால் தகப்பனுடையது. நடந்து வந்தால், உட்காருகிற நீட்டு வாங்கு ஒன்று நடந்து வருவதுபோல இருக்கும். ஜூட் சொன்னபடி எல்லாவற்றுக்கும் வீடு பிடித்தார். குட்டிகள் பாலை மறந்து, கிளாராவின் உடம்பு தேறிய பிறகு அவளுக்கு ஒபரேஷன் செய்தோம். எலும்பு நன்றாக முற்றியிருந்தது. டைகரையும் ஜூட் கையோடு கொண்டுபோய்ச் செய்வித்தார். பெனடிக்ட் அங்கிள் அதற்கு உரிமையாளர் என்று கையெழுத்து வைத்தார். அன்றிலிருந்து என்னை மகள் என்று கூப்பிடுவதில்லை. ஒழுங்கையின் அந்த முனையிலிருந்தே “சம்மந்தி!” என்கிறார். மீன்காரர்கூட அதுதான் என் பெயர் என்று நினைக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு காரியத்தைப் பிந்தப் போட்டால், “என்ன, எலும்பு முத்தட்டும் எண்டு பாக்கிறீங்களோ?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பல்லு வைத்தியம், பாஸ்போர்ட், கூரைத் தகரம் எதற்கும் இது பொருந்தும்.

ஒரு குட்டி ஷாமினியோடு வத்தளைக்குப் போனது. பெயர் பிஸ்கட். போன கிழமை மாகிரட் அன்டி எனக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளை, பிஸ்கட்டுக்கும் ஒபரேஷன் செய்ய வேணும். உடம்பு பெரிசு, கால் கட்டை. பெரிய நாயின்ட கணக்கோ, சின்ன நாயின்ட கணக்கோ? நீங்கள்தானே இதில படிச்ச ஆள்.”

இவ்வளவு காலம் கழித்து ஒருவர் தானாகவே என்னிடம் கேட்கிறார்! நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எலும்பு நுனியில் தொடங்கி மூட்டு, சுரப்பு, எடை என்று ஒன்று விடாமல் விளக்கினேன். அவர் பொறுமையாக ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சொல்லி முடிச்சிட்டீங்களோ?”

“ஓம் அன்டி.”

“நல்லம். அப்ப இதை விட்டிட்டு, டொக்டர் சொல்லுறதைச் செய்யிறம்.”

ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். வத்தளை வீடு முழுவதும் சிரிப்பது கேட்டது. அதைவிடப் பெரிய சிரிப்பு எனக்குப் பின்னால், குசினி வாசலில் நின்ற ஜூட்டிடமிருந்து வந்தது.