கரிக்குதிரை

குதிரையின் மூக்கு மெக்கானிக்கின் சட்டைக் கையில் இருந்தது.

படத்தில் ஒரு தூசி தெரிகிறதே என்று தட்டிவிட்டார். அது தூசி இல்லை, மூக்குத் துவாரம்.

"அப்பா! அது கரி. பேப்பர் மேல சும்மா உக்காந்திருக்கும். ஸ்ப்ரே அடிச்சாத்தான் பிடிச்சுக்கும்" என்றாள் மகள்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க தொடுவீங்கன்னு யாரு கண்டா?"

மனைவியின் முதல் கண்காட்சி. அதற்காகவே ஆறு வாரம் குதிரையோடு மல்லுக்கட்டினாள். மூன்று மணிக்கு வண்டி வரும் என்று சொல்லிவிட்டு அரங்குக்குப் போயிருந்தாள். இப்போது மணி இரண்டு.

மெக்கானிக் ஈரத்துணியால் ஒற்றினார். மூக்கு சேறானது.

"கரி தண்ணியில கரையாதுப்பா. பரவும்."

"அப்ப வாட்டர் கலரை எடு."

சாம்பல் நிறம் குழைத்துப் புது மூக்கு வைத்தார். தாள் தகரம் போல நெளிந்தது. காய வைக்க ஹேர் டிரையரைப் பிடித்தார். பிடரி பறந்துபோனது. காய்ந்த வண்ணமோ வெளுத்து, அடியிலிருந்த கறையை அப்படியே காட்டிக்கொடுத்தது.

"எதையும் மறைக்கிற மாதிரி ஒண்ணு இல்லையா?"

"ஆயில் பேஸ்டல் இருக்கு. மெழுகு மாதிரி. ஒட்டினா விடாது."

விடவில்லை. மூக்கின் மேல் கட்டியாக நின்றது.

"காண்டாமிருகம் நல்லா வந்திருக்குப்பா."

மெக்கானிக் முக்காலியில் உட்கார்ந்தார். குதிரையின் கண் மட்டும் தப்பியிருந்தது. ஒரே கரித்துண்டில் அந்த இருட்டு, அந்த ஈரம். இப்போதுதான் மழையில் நனைந்து வந்தது போல அது அவரைப் பார்த்தது.

"கண்ணுல மின்னுற இந்த வெளிச்சத்துக்கு என்ன பூசினா உங்கம்மா?"

"ஒண்ணுமே பூசலை. அந்த இடத்துல பேப்பரைத் தொடாம விட்டாங்க, அவ்வளவுதான்."

"தொடாம விட்டாளா!" அப்படியும் ஒரு வேலை இருப்பது அவருக்குத் தெரியாது. "பெரிய ஆளுதான்."

வண்டிக்காரர் வந்ததும் மெக்கானிக் எழுந்து நின்றார்.

"தப்பு முழுக்க என்னோடது. கண்காட்சியிலேர்ந்து அவ பேரை மட்டும் எடுத்துட வேணாம்னு அங்க சொல்லுங்க."

வண்டிக்காரர் காண்டாமிருகத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நான் படம் வைக்கிற ஸ்டாண்டு எடுக்கத்தாண்ணே வந்தேன். படத்தை அக்கா காலையிலயே கையோட கொண்டுவந்துட்டாங்க."

"அப்ப இது?"

"ரெண்டு வரைஞ்சாங்களாம்ணே. ஒண்ணு கண்காட்சிக்கு, ஒண்ணு நீங்க கை வைக்கறதுக்கு."